ஒரு நாள் குறைந்திருந்தால்...

புதுதில்லி: தலைவர்கள் மீது வழக்கு வரும்போதெல்லாம் தலைநகரில் இரண்டு வாசகங்கள் தவறாமல் ஒலிக்கும். ஆளும் தரப்பு "சட்டம் தன் கடமையைச் செய்கிறது" என்னும். எதிர்த்தரப்பு "இது அரசியல் பழிவாங்கல்" என்னும். தேர்தல் முடிந்து அவையில் இருக்கைகள் மாறினால், இந்த வாசகங்களும் வாய் மாறிவிடும். நாடாளுமன்றச் செய்திகளைச் சேகரிப்பவர்களுக்கு இது பழகிப்போன காட்சி. ஆனால், இரு தரப்பும் கேட்க விரும்பாத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் கேள்வி இக்கட்டுரையாளரிடம் கேட்கப்பட்டது தில்லியில் அல்ல, நவி மும்பையின் நெருளில்.

மாட்டுங்காவில் பிறந்து, செம்பூரில் குடும்பம் நடத்தி, ஓய்வுக்குப் பின் நெருளில் குடியேறிய முதியவர் அவர். வீடு வாங்குவதற்காக முன்பணம் கொடுத்து ஏமாந்த வழக்கு ஒன்றைப் பத்து ஆண்டுகளாக நடத்தி வருகிறார். இன்னும் சாட்சி விசாரணையே தொடங்கவில்லையாம். "தம்பி, ராகுல் காந்திக்குத் தீர்ப்பு வந்த மறுநாளே பதவி போயிற்று. நாலரை மாதத்தில் அது திரும்பியும் வந்துவிட்டது. போனதும் சட்டப்படி, வந்ததும் சட்டப்படி என்கிறீர்கள். அப்படியானால் நடுவிலே தப்பு எங்கே நடந்தது?" என்று கேட்டார் அவர்.

எளிய கேள்விதான். பதில் அத்தனை எளிதல்ல. ராகுல் காந்தியை ஆதரிப்பவர்களுக்கும் எதிர்ப்பவர்களுக்கும் அந்தப் பதில் ஒரே அளவில் கசக்கும்.

நிகழ்ந்தவற்றை முதலில் வரிசையாக நினைவுபடுத்திக் கொள்வோம். 2019 மக்களவைத் தேர்தல் பிரசாரத்தின்போது, ஏப்ரல் 13-ம் தேதி கர்நாடக மாநிலம் கோலாரில் பேசிய ராகுல், மோடி என்ற குடும்பப் பெயரைத் தொடர்புபடுத்தி ஒரு கருத்தைச் சொன்னார். குஜராத் பாஜக எம்.எல்.ஏ. பூர்ணேஷ் மோடி, சூரத் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தார். 2023 மார்ச் 23-ம் தேதி இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடு செய்ய வசதியாக 30 நாள்களுக்குத் தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. ஆயினும் மறுநாளே மக்களவைச் செயலகம் அவரது உறுப்பினர் பதவி பறிபோனதாக அறிவித்தது. ஏப்ரல் 22-ம் தேதி துக்ளக் லேன் அரசு இல்லத்தைக் காலி செய்தார்.

சூரத் அமர்வு நீதிமன்றம் ஏப்ரல் 20-ம் தேதியும், குஜராத் உயர் நீதிமன்றம் ஜூலை 7-ம் தேதியும் தீர்ப்புக்குத் தடை விதிக்க மறுத்துவிட்டன. ஆகஸ்ட் 4-ம் தேதி உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. ஆகஸ்ட் 7-ம் தேதி பதவி திரும்பக் கிடைத்தது. இரண்டு நாள் கழித்து, நம்பிக்கையில்லாத் தீர்மான விவாதத்தில் அவர் பேசினார். 2024 ஜூனில் எதிர்க்கட்சித் தலைவராகவும் ஆனார்.

முதியவர் கேட்ட "நடுவிலே" என்பது மார்ச் 24 முதல் ஆகஸ்ட் 7 வரையிலான அந்த நாலரை மாதம். அப்போது வயநாடு தொகுதி மக்களுக்கு மக்களவையில் பிரதிநிதி இல்லை. தண்டனை பெற்றவர் ஒருவர். குரல் இழந்ததோ ஒரு தொகுதி.

இரண்டு சட்டங்கள், ஒரே எண்

அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டத்தின் 500-வது பிரிவின்படி அவதூறுக்கு அதிகபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 8(3) பிரிவின்படி, ஓர் உறுப்பினர் தகுதி இழக்கக் குறைந்தபட்சத் தண்டனை இரண்டு ஆண்டு. ஒரு சட்டத்தின் உச்சமும் மற்றொரு சட்டத்தின் தொடக்கமும் ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அதாவது, அவதூறு வழக்கில் ஒருவர் பதவியிழக்க வேண்டுமானால், சட்டம் அனுமதிக்கும் முழுத் தண்டனையும் விதிக்கப்பட்டாக வேண்டும். ஒரு நாள் குறைந்தாலும் பதவி தப்பும்.

இந்த ஒரு நாள் கணக்கைத்தான் உச்ச நீதிமன்றமும் சுட்டிக்காட்டியது. முழுத் தண்டனையை ஏன் விதிக்க வேண்டும் என்பதற்கு, முந்தைய நீதிமன்ற அவமதிப்பு வழக்கில் ராகுலுக்கு அளிக்கப்பட்ட எச்சரிக்கையைத் தவிர வேறு காரணத்தை விசாரணை நீதிமன்றம் கூறவில்லை என்றது. தகுதிநீக்கத்தால் பாதிக்கப்படுவது வாக்காளர்களின் உரிமையும்தான் என்றது. அதே மூச்சில், பொதுவாழ்வில் இருப்பவர் மேடையில் நிதானம் காக்க வேண்டும், அந்தப் பேச்சு நல்ல ரசனைக்கு உரியதல்ல என்றும் கண்டித்தது. காங்கிரஸ் கட்சியினர் தீர்ப்பின் முதல் பாதியை மட்டும், பாஜகவினர் பிற்பாதியை மட்டும் இன்றுவரை மேற்கோள் காட்டி வருகின்றனர்.

உச்ச நீதிமன்றம் குறிப்பிட்ட அந்த அவமதிப்பு விவகாரம் ரஃபேல் வழக்கையொட்டி எழுந்தது. தான் சொல்லாத ஒன்றை நீதிமன்றம் சொன்னதாக ராகுல் பேசினார். நிபந்தனையற்ற மன்னிப்புக் கோரினார். 2019 நவம்பர் 14-ம் தேதி, எதிர்காலத்தில் கவனமாக இருக்குமாறு எச்சரித்து நீதிமன்றம் அந்த வழக்கை முடித்துக்கொண்டது. ஆகவே, நாவடக்கம் பற்றிய குறை முழுவதும் எதிரிகள் கட்டிவிட்ட கதை என்று சொல்வதற்கில்லை.

கிழித்தெறியச் சொன்ன கை

சூரத் தீர்ப்பு வந்த மறுநாளே பதவி போனதற்கு ஒரு முன்கதை உண்டு. மேல்முறையீடு செய்ய மூன்று மாத அவகாசம் தந்து, பதவியிலிருக்கும் உறுப்பினர்களைக் காத்து வந்தது 8(4) பிரிவு. 2013 ஜூலை 10-ம் தேதி, வழக்கறிஞர் லில்லி தாமஸ் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சாதாரணக் குடிமகன் தேர்தலில் நிற்பதற்கு ஒரு விதி, உறுப்பினராகிவிட்டவர் பதவியில் நீடிப்பதற்கு வேறொரு விதி என்பது கூடாது என்பதே தீர்ப்பின் சாரம். நியாயமான தீர்ப்பு அது.

அதை முறியடிக்க மன்மோகன் சிங் அரசு செப்டம்பரில் ஓர் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. கால்நடைத் தீவன வழக்கில் தீர்ப்பை எதிர்நோக்கியிருந்த லாலு பிரசாத் யாதவைக் காக்கவே இந்த ஏற்பாடு என்று அப்போது பேச்சு எழுந்தது. செப்டம்பர் 27-ம் தேதி தில்லி பிரஸ் கிளப்பில் திடீரென்று தோன்றிய ராகுல், இது அபத்தம், கிழித்தெறியப்பட வேண்டியது என்றார். பிரதமர் அப்போது வெளிநாட்டில் இருந்தார். சில நாள்களில் அவசரச் சட்டம் கைவிடப்பட்டது. லாலு பதவியிழந்தார்.

பத்து ஆண்டுகள் கழித்து அதே விதியால் ராகுலே பதவியிழந்தபோது, தன் வினை தன்னைச் சுட்டது என்று எள்ளியவர்கள் பலர். அந்த எள்ளல் பாதிதான் சரி. ஊழல் செய்தவர்களையும் கொலைக் குற்றவாளிகளையும் அவையிலிருந்து அகற்ற வேண்டும் என்பதே அன்று மக்கள் எழுப்பிய கோரிக்கை. மேடைப்பேச்சு ஒன்றையும் கால்நடைத் தீவன ஊழலையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்க வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. ஆனால், 8(3) பிரிவு குற்றத்தின் தன்மையைப் பார்ப்பதில்லை. தண்டனையின் நீளத்தை மட்டுமே பார்க்கிறது. 2013-ல் அந்த வேறுபாட்டை நாடாளுமன்றம் அமர்ந்து விவாதித்திருக்க வேண்டும். ஆளும் கட்சி அவசரச் சட்டம் எனும் குறுக்குவழியை நாடியது. அதன் துணைத் தலைவர் செய்தியாளர் சந்திப்பில் அதைக் குப்பைக்கு அனுப்பினார். விவாதம் மட்டும் நடக்கவே இல்லை.

மும்பையின் இரண்டு அனுபவங்கள்

ராகுல் மீதான அவதூறு வழக்குகளில் முக்கியமான ஒன்று, நெருள் அமைந்துள்ள அதே தாணே மாவட்டத்தில், பிவண்டி நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்டது. 2014 மார்ச் 6-ம் தேதி பிவண்டி அருகே தேர்தல் கூட்டத்தில், காந்தியடிகள் கொலையை ஆர்.எஸ்.எஸ். அமைப்புடன் தொடர்புபடுத்திப் பேசினார் என்பது புகார். மும்பை உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உச்ச நீதிமன்றம் வரை சென்ற ராகுல், 2016 செப்டம்பரில் மனுவைத் திரும்பப் பெற்று, விசாரணையைச் சந்திப்பதாக அறிவித்தார். 2018 ஜூன் 12-ம் தேதி அவர் மீது குற்றச்சாட்டு பதிவு செய்யப்பட்டது.

எம்.பி., எம்.எல்.ஏ.க்கள் மீதான, பதவியிழப்புக்கு இடமளிக்கும் வழக்குகளில் குற்றச்சாட்டு பதிவான ஓராண்டுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும் என்று 2014 மார்ச்சிலேயே உச்ச நீதிமன்றம் கூறியிருந்தது. பிவண்டி வழக்கிலோ, எந்த ஆவணத்தைச் சான்றாக ஏற்பது என்ற சச்சரவே 2024 ஜூலையில் உயர் நீதிமன்றத்தில் தீர்க்கப்பட வேண்டியிருந்தது. சூரத்தில் நான்கு ஆண்டுகளுக்குள் தீர்ப்பு. பிவண்டியில் பத்து ஆண்டுகள் கடந்தும் ஆவணத் தகராறு. குற்றப் பிரிவு ஒன்று, குற்றஞ்சாட்டப்பட்டவரும் ஒருவர். வழக்கு எந்த ஊரில் நடக்கிறது என்பதைப் பொறுத்து நீதியின் வேகம் மாறுகிறது. நெருள் முதியவருக்கு மட்டுமல்ல, எதிர்க்கட்சித் தலைவருக்கும் இதே கதிதான் என்பதில் அவருக்கு ஆறுதல் ஒன்றும் இருக்க முடியாது.

மும்பை மாஜகாவ் நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு. பத்திரிகையாளர் கௌரி லங்கேஷ் கொலை தொடர்பான கருத்துக்காகத் தொடுக்கப்பட்டது. 2019 ஜூலை 4-ம் தேதி நேரில் ஆஜரான ராகுலுக்கு ரூ.15,000 பிணையில் ஜாமீன் கிடைத்தது. பிணை நின்றவர் தாராவி தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான, மறைந்த முன்னாள் எம்.பி. ஏக்நாத் கெய்க்வாட்.

இதே மாநகரம் வேறொரு காட்சியையும் கண்டிருக்கிறது. 1992-93 கலவரக் காலத்தில் எழுதப்பட்ட தலையங்கங்களுக்காக, சிவசேனைத் தலைவர் பால் தாக்கரே 2000 ஜூலை 25-ம் தேதி கைது செய்யப்பட்டார். வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்பு கடந்துவிட்டது என்று கூறி, அன்றைய தினமே நடுவர் அவரை விடுவித்தார். ஒரு சமூகத்துக்கு எதிராகப் பகைமூட்டும் எழுத்து பற்றிய வழக்கு ஏழு ஆண்டு தாமதத்தால் செத்துப்போயிற்று. குடும்பப் பெயர் பற்றிய ஒரு வாக்கியம் முழுத் தண்டனை பெற்றது. அறுபதுகளில் தென்னிந்தியர்களுக்கு எதிராக எழுந்த முழக்கங்களைக் காதால் கேட்ட தலைமுறை மாட்டுங்காவிலும் தாராவியிலும் இன்னும் இருக்கிறது. எந்தப் பேச்சு ஆபத்தானது என்று அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தனிமனிதரின் மானத்தைக் காக்கும் சட்டத்துக்கு இருக்கும் வேகம், மக்களின் உயிரைக் காக்க வேண்டிய சட்டத்துக்கு இல்லை என்பதே கவலைக்குரியது.

தமிழகத்துக்குத் தெரிந்த கதை

அவதூறுச் சட்டத்தை அரசியல் ஆயுதமாக்கியது ஒரு கட்சி மட்டும் அல்ல. 2011-க்குப் பின் ஐந்து ஆண்டுகளில் அதிமுக அரசு தொடுத்த அவதூறு வழக்குகள் 200-க்கும் அதிகம். திமுகவினர், விஜயகாந்த், பத்திரிகைகள் என எவரும் தப்பவில்லை. விமர்சனத்தைப் பொறுத்துக்கொள்ளப் பழகுங்கள் என்று 2016-ல் உச்ச நீதிமன்றமே அறிவுரை கூற நேர்ந்தது.

அதே ஆண்டு மே 13-ம் தேதி, அவதூறைக் குற்றமாகக் கருதும் பிரிவு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவை எதிர்த்து நீதிமன்றம் சென்றவர்களில் சுப்பிரமணியன் சுவாமி, ராகுல் காந்தி, அரவிந்த் கேஜரிவால் மூவரும் அடக்கம். ஒருவரையொருவர் அன்றாடம் வசைபாடும் மூவர், இந்தச் சட்டம் வேண்டாம் என்பதில் மட்டும் ஒன்றுபட்டனர். ஆனால், பல்லாண்டு மத்தியில் ஆண்ட காங்கிரஸ் அந்தப் பிரிவை நீக்கவில்லை. காலனியச் சட்டங்களுக்கு விடை கொடுப்பதாகக் கூறிய பாஜக அரசும், பாரதிய நியாய சம்ஹிதையில் 356-வது பிரிவாக அதைப் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டது. சமூக சேவை என்பது மட்டும் மாற்றுத் தண்டனையாகச் சேர்க்கப்பட்டது. 2023 டிசம்பரில் அந்த மசோதா நிறைவேறிய கூட்டத் தொடரில், இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி உறுப்பினர்கள் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டிருந்தனர். பாதி காலியான அவையில், 1860-ம் ஆண்டுச் சட்டம் புதுப்பெயர் சூட்டிக்கொண்டது.

பதவி பறிப்பும் தமிழகத்துக்குப் புதிதல்ல. 2014 செப்டம்பர் 27-ம் தேதி சொத்துக் குவிப்பு வழக்கில் நான்கு ஆண்டு தண்டனை பெற்ற ஜெயலலிதா, முதல்வர் பதவியை இழந்தார். 2023 டிசம்பரில் தண்டிக்கப்பட்ட க. பொன்முடி, 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தடை விதித்த பிறகும், அமைச்சராகப் பதவியேற்க மீண்டும் உச்ச நீதிமன்றத்தின் கண்டிப்பு தேவைப்பட்டது. லட்சத்தீவு எம்.பி. முகமது பைசல், 2023 ஜனவரியில் தண்டனை பெற்ற இரண்டே நாளில் பதவியிழந்தார். ஜனவரி 25-ம் தேதியே கேரள உயர் நீதிமன்றம் தண்டனையை நிறுத்திவைத்தது. பதவி திரும்பியது மார்ச் 29-ம் தேதி, உச்ச நீதிமன்றத்தில் வழக்கு விசாரணைக்கு வரவிருந்த காலையில். எடுப்பதற்கு இரண்டு நாள், கொடுப்பதற்கு இரண்டு மாதம்.

பணமும் பேச்சும்

ராகுல் மீதான எல்லா வழக்குகளும் ஒரே தன்மையுடையவை அல்ல என்பதை இங்கு வலியுறுத்த வேண்டும். நேஷனல் ஹெரால்டு விவகாரம் பேச்சு சம்பந்தப்பட்டதன்று, பணமும் சொத்தும் சம்பந்தப்பட்டது. காங்கிரஸ் கட்சிக்கு அந்தப் பத்திரிகை நிறுவனம் தர வேண்டியிருந்த சுமார் ரூ.90 கோடிக் கடன், யங் இந்தியன் நிறுவனத்துக்கு ரூ.50 லட்சத்துக்கு மாற்றப்பட்டது. சோனியாவும் ராகுலும் அதில் தலா 38 சதவீதப் பங்குதாரர்கள். மும்பை பாந்த்ராவில் உள்ள கட்டடம் உள்ளிட்ட சொத்துகள் அந்தப் பத்திரிகை நிறுவனத்துக்கு உண்டு.

சுவாமியின் புகாரில் 2015 டிசம்பரில் இருவரும் ஜாமீன் பெற்றனர். 2022 ஜூனில் ராகுலை அமலாக்கத் துறை ஐந்து நாள்கள் விசாரித்தது. 2025 ஏப்ரலில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தது. ஆனால் 2025 டிசம்பரில், முதல் தகவல் அறிக்கை இன்றித் தனிநபர் புகாரின் மேல் எழுப்பப்பட்ட வழக்கு என்று கூறி, தில்லி சிறப்பு நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. அமலாக்கத் துறை உயர் நீதிமன்றத்தை நாடியது. பொதுநிதி, கட்சி நிதி பற்றிய கேள்விகளுக்குத் தலைவர்கள் பதில் சொல்லியே ஆக வேண்டும். அதைப் பழிவாங்கல் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட முடியாது. அதேபோல், பல ஆண்டுகள் புலனாய்வு நடத்திய அமைப்பு, அடிப்படை நடைமுறையில் ஏன் தடுக்கி விழுந்தது என்பதற்கும் பதில் வேண்டும்.

எதிர்வாதம் ஒன்றையும் புறக்கணிப்பதற்கில்லை. தலைவருக்கு ஒரு நீதி, தொண்டனுக்கு ஒரு நீதி கூடாது. சட்டம் எல்லோருக்கும் பொது என்றால், ராகுலுக்காக அதை ஏன் வளைக்க வேண்டும் என்று பாஜக நண்பர்கள் கேட்கின்றனர். வளைக்க வேண்டாம். அடுத்து எந்தக் கட்சிக்காரர் சிக்கினாலும் நியாயமாக இருக்கும்படி சட்டத்தைத் திருத்துங்கள் என்பதே நமது வாதம்.

திருத்தம் எப்படி இருக்க வேண்டும்? முதலாவதாக, அவதூறைக் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்து, நஷ்டஈடு கோரும் உரிமையியல் வழக்காக மட்டும் வைக்க வேண்டும். இலங்கை 2002-லும், நமக்கு இந்தச் சட்டத்தைத் தந்த பிரிட்டன் 2009-லும் அதைச் செய்துவிட்டன. இரண்டாவதாக, 8(3) பிரிவு எல்லாக் குற்றங்களையும் ஒரே கண்ணால் பார்ப்பதை நிறுத்தி, ஊழல், வன்முறை, பகைமூட்டல் போன்றவற்றைத் தனியே வரையறுக்க வேண்டும். மூன்றாவதாக, தண்டனை பெற்ற உறுப்பினர் தடை கோரினால், மேல்முறையீட்டு நீதிமன்றம் குறிப்பிட்ட நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தடை கிடைத்தால் பதவி தானாகத் திரும்ப வேண்டும். செயலகத்தின் வாயிலில் காத்திருக்கும் நிலை கூடாது.

ஆனால், காற்று வேறு திசையில் வீசுகிறது. 2025 ஆகஸ்ட் 20-ம் தேதி மக்களவையில் அறிமுகமான 130-வது அரசியல் சாசனத் திருத்த மசோதா, ஐந்து ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து 30 நாள் காவலில் இருந்தால், பிரதமரோ முதல்வரோ அமைச்சரோ பதவியிழக்க வேண்டும் என்கிறது. முதல்வராக இருந்த கேஜரிவால் சிறையிலிருந்து ஆட்சி நடத்தியதையும், செந்தில் பாலாஜி இலாகா இல்லாத அமைச்சராகச் சிறையில் நீடித்ததையும் பார்த்தவர்களுக்கு அதன் நோக்கம் புரியும். அவை அழகான காட்சிகள் அல்ல. என்றாலும், லில்லி தாமஸ் தீர்ப்பு நீதிபதியின் தீர்ப்புக்குப் பிறகே பதவியைப் பறித்தது. இந்த மசோதாவோ, புலனாய்வு அதிகாரியின் கைது ஆணையிலிருந்தே நாள்களை எண்ணத் தொடங்குகிறது. மசோதா கூட்டுக் குழுவுக்கு அனுப்பப்பட்டது. அங்கேனும் கட்சி எல்லையைத் தாண்டி யோசிக்க வேண்டும்.

1975 ஜூன் 12-ம் தேதி அலகாபாத் உயர் நீதிமன்றம் இந்திரா காந்தியின் தேர்தலை ரத்து செய்தது. இரண்டு வாரத்துக்குள் நெருக்கடி நிலை வந்தது. பின்னர், நடந்துவிட்ட வழக்குக்கு ஏற்பச் சட்டமே திருத்தப்பட்டது. தன் வழக்குக்காகச் சட்டத்தை வளைத்தவரும், பிறர் மீதான வழக்குக்காகச் சட்டத்தைக் கூர்தீட்டியவரும் வரலாற்றில் ஒரே பக்கத்தில்தான் இடம்பெறுவர்.

நெருள் முதியவருக்குச் சொல்லக்கூடிய பதில் இதுதான்: தவறு நடந்தது போனதிலும் அல்ல, வந்ததிலும் அல்ல. இரண்டையும் சட்டமாக்கி வைத்துக்கொண்டு, நமக்கு வேண்டாதவருக்கு வரும்போது கைதட்டி, வேண்டியவருக்கு வரும்போது கண்ணீர் விடும் அவைகளில் நடந்தது. ராகுலுக்கு உச்ச நீதிமன்றம் செல்ல மூத்த வழக்கறிஞர்கள் இருந்தனர். ஆறு மாதச் சிறைக்குக்கூட மேல்முறையீடு செய்ய வழியற்ற ஒரு நிருபருக்கோ, ஊராட்சி உறுப்பினருக்கோ, தொழிற்சங்க ஊழியருக்கோ அதே 356-வது பிரிவு காத்திருக்கிறது. அவர்களுக்காகத் தடையாணை பெற எந்தக் கட்சி முன்வரும்?